பச்சைக் கல்லில் குளம்புத் தடம்

கையில் அகப்பட்ட எதையும் சூளைக்காரர் முதலில் தட்டித்தான் பார்ப்பார். வலது கை நடுவிரலை மடக்கி, அந்த முட்டியால் இரண்டு தட்டு. முதல் தட்டு பொருளுக்கு, இரண்டாவது தன் காதுக்கு என்பதுபோல நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடுவார். வலது காது கொஞ்சம் மந்தம் என்பதால் இடது காதைப் பொருளின் பக்கம் சாய்த்துக்கொள்வார். சத்தம் பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் அதுவும் கிடையாது. வெந்த செங்கல்லைத் தட்டித் தட்டிப் பழகிய கை, செங்கல்லோடு நிற்கவில்லை. தண்ணீர்க் குடம், பூசணிக்காய், புதிதாக வாங்கிய தகரப் பெட்டி, பேருந்தின் பக்கத் தகடு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மண்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பலசரக்குக் கடைக்கு அவர் வந்து நின்றாலே கடைக்காரர் முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

"அண்ணே, தராசை மட்டும் தட்டாதீங்க. ஏற்கெனவே அதுமேல ஊர்ல நம்பிக்கை கம்மி."

அப்படி அதிகத் தட்டு வாங்கிய மண்டை சுண்டுவுடையது. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய வீடும் சூளைக்காரரின் களமும் அடுத்தடுத்து இருந்தன. அவரை அவள் மாமா என்பாள், அவர் மனைவியை அத்தை என்பாள். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு கம்பி வேலி மட்டும்தான். அந்த வேலியிலும் பாதி தூரத்துக்குக் கம்பி இல்லை, வெறும் கல்தூண்கள் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தன.

சூளைக்காரர் வேறு எங்கிருந்தோ வந்தவர். எங்கிருந்து என்று கேட்டால் "தண்ணி இல்லாத ஊர்" என்பார், அதற்கு மேல் பேச்சு நகராது. குளத்துக்கரை மண் செங்கல்லுக்கு ஆகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மனைவியோடும் ஒரு மண்வெட்டியோடும் வந்து இறங்கியவர். பிள்ளைகள் இல்லை. வெயிலிலும் அனலிலும் மாறி மாறி வெந்து, அவருடைய தோலும் அவர் சுடும் கல்லின் நிறத்துக்கே வந்திருந்தது. புருவத்தில் பாதி முடி இருக்காது. சூளைக்கு நெருப்பு வைக்கும் நாட்களில் பொசுங்கியது திரும்ப முளைப்பதற்குள் அடுத்த சூளை வந்துவிடும். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அதனால் அவர் சிரிக்கிறாரா விக்குகிறாரா என்று தெரியாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

காலையில் அவரும் அத்தையும் வேலை செய்வதை வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது சுண்டுவுக்குப் பிடிக்கும். முந்தின நாள் ஊறப்போட்ட மண்ணை அவர் மிதிப்பார். வெறும் காலால், ஒரே இடத்தில் நடந்துகொண்டே இருப்பவர்போல மிதிப்பார். கூழாங்கல் ஏதும் காலில் தட்டுப்பட்டால் குனியாமலே கால்விரலால் பிடுங்கி எறிவார். பதம் வந்த மண்ணை அத்தை உருட்டிக் கொடுப்பாள். அவர் அதை மரச்சட்ட அச்சுக்குள் ஓங்கி அடித்து, மேலே வழித்துவிட்டு, களத்தில் கவிழ்த்து அச்சை உருவுவார்; இதற்குக் கல் அறுப்பது என்று பெயர். உருவிய இடத்தில் ஒரு கல் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், இப்போதுதான் கண் திறந்த குட்டி மாதிரி. மத்தியானத்துக்குள் களம் முழுக்க வரிசை வரிசையாக, இன்னும் வேகாத பச்சைக் கல். அது முதல் நாள் அப்படியே படுத்துக் கிடக்க வேண்டும். மறுநாள்தான் புரட்டிப் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். அந்த முதல் நாளில் கல்மேல் ஒரு சருகு விழுந்தாலும் நரம்பு நரம்பாக அச்சு விழுந்துவிடும்.

ஆடு மிதித்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

சுண்டுவின் அப்பா லாரி டிரைவர். பத்து நாளைக்கு ஒரு தடவை வருவார், வந்து இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். அம்மா கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கிடங்குக்குக் கொடுப்பவள். கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள். அதனாலேயே அவள் சாதாரணமாகச் சொல்வதுகூட மிரட்டுவது மாதிரி இருக்கும். வீட்டில் நாலு கோழி, மூன்று ஆடு. அதில் பெரியதுக்கு டீச்சர் என்று பெயர். கறுப்பு ஆடு, இரண்டு கண்ணைச் சுற்றியும் வெள்ளை வளையம். மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி, எல்லோரையும் ஒரு சந்தேகத்தோடு பார்க்கும். தம்பிக்கு எட்டு மாதம். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டதால் அவன் டீச்சரின் பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தான்.

டீச்சர் முன்பும் களத்துக்குள் போனதுண்டு. ஓரமாக ஒன்றிரண்டு கல், ஒரு மூலை நசுங்கும், அவ்வளவுதான். அதற்குப் பேச்சு வரும், பேச்சுக்குப் பதில் பேச்சு வரும். அம்மா துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் சூளைப் புகையில் கறுத்துப் போகும். அது அம்மா தரப்பு நியாயம். கோழிகள் மணல் குவியலைக் கிளறித் தள்ளும்; அது அவர் தரப்பு. வேலியை யார் சரி செய்வது என்பதுதான் இரண்டு வருடமாகத் தீராத வழக்கு.

"ஆடு வச்சிருக்கவங்கதான் வேலி கட்டணும்," என்பார் அவர்.

"கல்லு வச்சிருக்கவங்கதான் கட்டணும். ஆயிரம் ஆயிரமா அடுக்கி வச்சிருக்கீங்க, குறுக்கால ஒரு செவுரு எழுப்பக் கூடாதா?"

"அது விக்கிறதுக்கு அடுக்கினது, தங்கச்சி."

"அப்ப என் ஆடும் மேயறதுக்குத்தான் இருக்கு, அண்ணே."

அண்ணே, தங்கச்சி என்று முறை வைத்துப் பேசும் வரைக்கும் பயமில்லை என்று சுண்டு கணக்கு வைத்திருந்தாள். "ஏம்மா", "என்னங்க" என்று மாறினால்தான் வானம் இருட்டுகிறது என்று அர்த்தம்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா தைத்த சாக்குகளைக் கட்டிக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலையிலேயே கிடங்குக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னாள், "பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி டீச்சரை முளையில இழுத்துக் கட்டிட்டுப் போ. சும்மா சுத்திவிட்டுட்டுப் போகாதே."

சுண்டு கட்டினாள். அதில் பொய் இல்லை. ஆனால் முந்தின வாரம்தான் அப்பா அவளுக்கு முதன்முதலாக ஷூ வாங்கி வந்திருந்தார். நாடாவை இரண்டு காது மாதிரி மடித்துப் பூ முடிச்சு போடக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்த நாட்களில் கண்ணில் பட்ட கயிற்றையெல்லாம் அவள் பூ முடிச்சாகத்தான் போட்டாள். ஜன்னல் திரைக்குப் போட்டாள், தண்ணீர் வாளிக்குப் போட்டாள், முளையில் டீச்சரின் கயிற்றுக்கும் போட்டாள். அழகான முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். டீச்சருக்கோ தொங்குகிற எதையும் வாயில் போட்டு இழுத்துப் பார்க்கும் குணம்.

பள்ளிக்கூடம் போகிற வழி குளத்தங்கரை மேட்டில் ஏறி இறங்கும். மேட்டில் ஏறியதும் சுண்டு திரும்பிப் பார்த்தாள். களத்தில் யாரும் இல்லை; மாமாவும் அத்தையும் மண் வெட்டக் குளத்துக்குள் இறங்கியிருந்தார்கள். டீச்சர் மட்டும் இருந்தாள். பச்சைக் கல் வரிசையின் மேல், ஓரத்தில்கூட இல்லை, சரியாக நடுவில், கயிறு பின்னால் இழுபட, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து, நோட்டுத் திருத்திக்கொண்டு போவதுபோல நிதானமாக நடந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட மணி அடித்தது.

திரும்பி ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் பாதி வரிசையாவது தப்பியிருக்கும். ஆனால் தாமதமாகப் போனால் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். சுண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினாள். ஷூ நாடா அவிழ்ந்து தரையில் அடித்துக்கொண்டே வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், டீச்சர் தானாகவே திரும்பி வந்து முளைக்குப் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து கயிறு சும்மா கிடந்தது. சுண்டு அதை எடுத்து, இந்தத் தடவை இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு, அவிழவே முடியாதபடி கட்டினாள். குளம்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடை நுனியால் துடைத்தாள். நிமிரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அத்தையின் குரல் கேட்டது. அழுகையா திட்டா என்று சொல்ல முடியாத குரல்.

சாயங்காலம் அம்மா வந்தபோது சூளைக்காரர் வேலி ஓரத்தில் தயாராக நின்றிருந்தார்.

"ஏம்மா," என்று ஆரம்பித்தார்.

சுண்டு நகர்ந்து அம்மாவின் பின்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, வந்து பாருங்க உங்க டீச்சர் செஞ்ச வேலையை. ரெண்டு வரிசை. ஒரு கல்லு விடாம டிக் போட்டுட்டுப் போயிருக்கா."

"என் ஆடு கட்டித்தான் இருக்கு. பாருங்க, அதோ."

"இப்பக் கட்டியிருக்கு."

"காலையிலேயும் கட்டித்தான் இருந்துச்சு. சுண்டு, கட்டினியா இல்லையா?"

"கட்டினேன்," என்றாள் சுண்டு.

"கேட்டுக்கிட்டீங்களா? எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. இந்த வழியா தினமும் மந்தை போகுது வருது. எது மிதிச்சதோ. ஆட்டுக்கால்னா அது எங்க வீட்டு ஆடுதானா?"

"மந்தை மிதிச்சிருந்தா நூறு காலு இருக்கும். இது நாலு காலு."

"நாலு காலு இருக்கிறதெல்லாம் என்னோடதுன்னா, உங்க வீட்டுக் கட்டிலும் என்னோடதுதான்."

சத்தம் கேட்டுக் கூடி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சூளைக்காரர் சிரிக்கவில்லை. தோள்கூட அசையவில்லை. கீழே கிடந்த மண்ணை ஒரு பிடி எடுத்து உதிர்த்தார். "மண்ணு போகலைம்மா. திரும்பவும் ஊறப்போட்டா மண்ணு மண்ணாயிடும். போனது எங்க ரெண்டு பேரு இடுப்பு. அதை எதுல ஊறப்போடறது?"

அம்மாவும் குனிந்தே வேலை செய்பவள்தான். ஆனால் சுற்றிலும் ஆட்கள். பின்வாங்க வழியில்லாமல், "பேச்சு எதுக்கு, வச்சே பார்த்துடலாம்," என்றாள். "அந்தக் கல்லுல எங்க டீச்சர் காலை வச்சுப் பாருங்க. பொருந்திடுச்சுன்னா நானே என் கையால கசாப்புக்காரர்கிட்டப் பிடிச்சுக் கொடுத்துடறேன். பொருந்தலைன்னா, இத்தனை பேர் முன்னாடி தப்புன்னு சொல்லிட்டு, இனிமே என் ஆடு கோழியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பலசரக்குக் கடைக்காரருக்கு ஜட்ஜ் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வழக்கு என்றால் கல்லாவைப் பூட்டாமலேயே வந்துவிடுவார். அவர் உடனே கையைத் தூக்கினார். "நல்ல யோசனை. கால் இருக்கு, தடம் இருக்கு. இப்பவே வச்சுப் பார்த்துடலாமா?"

சூளைக்காரர் வரிசையைப் பார்த்தார். ஆழமாகப் பதிந்த ஒரு கல்லின் முன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"பச்சையா இருக்கு. இப்பக் கால் வச்சா தடம் கலைஞ்சிரும், தூக்கினா கல்லு உடைஞ்சிரும்," என்றார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் காயட்டும். எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, அப்பப் பார்க்கலாம்."

மறுநாள் மிதிபட்ட மற்றக் கற்களையெல்லாம் மண் ஊறவைக்கும் குழியில் போட்டுவிட்டு, அந்த ஒரு கல்லை மட்டும் தனியாகக் கொட்டகை நிழலில் எடுத்து வைத்தார்.

அம்மா அந்த வாரம் முழுக்க நிம்மதியாக இருந்தாள். அதுதான் சுண்டுவால் தாங்க முடியவில்லை. அம்மா சாக்குத் தைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். டீச்சரின் பாலைச் சங்கில் ஊற்றித் தம்பிக்குப் புகட்டும்போது, "ஞாயித்துக்கிழமை பாரு, உன் டீச்சருக்கு எப்படி மரியாதை கிடைக்கப்போகுதுன்னு," என்று கொஞ்சினாள். அப்போதெல்லாம் சுண்டு எழுந்து வெளியே போய்விடுவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தாள். முதல் தடவை அம்மா தலை பின்னிக்கொண்டிருந்தாள், ரிப்பன் இறுக்கத்தில் வார்த்தை வரவில்லை. இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள். மூன்றாவது தடவை யாரும் வரவில்லை, எதுவும் தடுக்கவில்லை, அப்படியும் சொல்லவில்லை. பொய் முதலில் சின்னதாகத்தான் இருந்தது. இப்போது அம்மா அதன்மேல் ஏறி நின்று ஊருக்கே பேசிவிட்டாள். உருவினால் விழப்போவது அம்மா.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், வீட்டுக்குப் போகாமல், ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வேலியில்லாத பக்கமாகக் களத்துக்குள் நுழைந்தாள். கொட்டகையில் யாரும் இல்லை. கல் ஒரு பலகைமேல் இருந்தது. அதன் நடுவில் டீச்சரின் குளம்பு, இரண்டு இலையை ஒட்டி வைத்ததுபோல, கூர்மையாக. ஈரத்துணியை அதில் வைத்து மெல்ல அழுத்தினாள். தேய்த்தால் கரைந்துவிடும் என்று நினைத்தாள்.

"என்ன பண்றே?"

மாமா பின்னால் நின்றிருந்தார். கையில் மண்வெட்டி.

"சும்மா," என்றாள்.

அவர் துணியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு அவளுடைய ஷூவைப் பார்த்தார். வலது நாடா பாதி அவிழ்ந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"காயற கல்லுல தண்ணி படக் கூடாது. வெடிச்சிரும்," என்றார். வேலையைப் பற்றிச் சொல்கிற சாதாரணக் குரல். அவள் கையிலிருந்த துணியை வாங்கினார். அதில் தன் கை மண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "தம்பி பால் குடிக்கிறானா ஒழுங்கா?"

"ம்."

"டீச்சர் பால்தானே?"

"ம்."

அவர் அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி, வெளியே எடுத்துப் போய், அடுக்கி வைத்திருந்த கற்களின் உச்சியில், நல்ல வெயில் படுகிற இடத்தில் வைத்தார். அவளுக்கு எட்டாத உயரம். தன்னை நம்பாமல்தான் அங்கே வைக்கிறார் என்று சுண்டு நினைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போ. அம்மா தேடுவாங்க."

அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூடம் போகும்போது மேட்டிலிருந்து பார்ப்பாள். அந்தக் கல் உச்சியில் தனியாக, யாருக்கோ தீர்ப்பு எழுதி வைத்த தாள் மாதிரி, வெளுத்துக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜட்ஜ் ஒரு ஸ்டூலோடு வந்தார். பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். கசாப்புக்காரரையும் யாரோ கூட்டி வந்திருந்தார்கள். அவர் கூச்சத்தோடு ஓரமாக நின்று, "நான் சும்மா பார்க்க வந்தேன்," என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா டீச்சரைக் குளிப்பாட்டி, குளம்பையெல்லாம் தேய்த்துக் கழுவி, தானே பிடித்துக்கொண்டு வந்தாள். சுண்டு தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் அவளுடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வலிக்கவில்லை.

"கல்லைக் கொண்டாங்க," என்றார் ஜட்ஜ்.

சூளைக்காரர் கொண்டு வந்து ஸ்டூலின் மேல் வைத்தார். தடம் துல்லியமாக இருந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. "ஆட்டுக்கால்தான், சந்தேகமே இல்லை," என்றார் ஒருவர். "பின்ன ஆனைக்காலா?" என்றார் இன்னொருவர்.

"யாரு வச்சுப் பார்க்கிறது? நானே வைக்கிறேன்," என்று ஜட்ஜ் குனிந்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடிக்குள்ளிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நிமிர்ந்துவிட்டார்.

"நான் வைக்கிறேன்," என்றார் சூளைக்காரர்.

அவர் மண்டியிட்டு, டீச்சரின் முன்னங்காலை முழங்காலுக்குக் கீழே பிடித்தார். முரடான கை, ஆனால் பச்சைக் கல்லைத் தூக்குகிற பதத்தில் பிடித்தார். குளம்பைத் தடத்தின்மேல் கொண்டுவந்து இறக்கினார்.

குளம்பு உள்ளே போகவில்லை.

நுனி போனால் பின்பக்கம் விளிம்பில் ஏறி நின்றது. பின்பக்கத்தை அமுக்கினால் நுனி மேலே வந்தது. அவர் அப்படியும் இப்படியும் வைத்துப் பார்த்தார். மற்ற முன்னங்காலையும் வைத்தார். அதுவும் அப்படியே. தடம் சின்னது, கால் பெரியது. அரை விரற்கடையாவது வித்தியாசம் இருந்தது. கூட்டத்தில் கடைசியில் நின்றவருக்கும் தெரிந்தது.

அத்தை முன்னால் வந்து கல்லைப் பார்த்தாள். "ஏங்க, இது காஞ்சு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ போய் அடுப்பைப் பாரு," என்றார் அவர், திரும்பாமலே.

அத்தை அவருடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சூளைக்காரர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "பொருந்தலை," என்றார். "இது வேற ஏதோ இளம் ஆடு. மந்தையில வந்ததா இருக்கும்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "தப்பு எம்மேலதான், தங்கச்சி. ஏதோ வேலை போன கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே."

அம்மா சண்டைக்குத்தான் தயாராக வந்திருந்தாள். "பரவால்லைண்ணே," என்றாள் கடைசியில். "எது மிதிச்சாலும் உங்க வேலைதானே போச்சு." கசாப்புக்காரர் பெருமூச்சு விட்டு, "நான் வர்றேங்க," என்று கிளம்பினார்.

சூளைக்காரர் அந்தக் கல்லை எடுத்துப் போய் மண்குழித் தண்ணீரில் போட்டார். சுண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு ஊர் அவரைச் சும்மா விடவில்லை. கடைக்குப் போனால், "அண்ணே, இந்தக் கோழி யாரோடதுன்னு கால் பார்த்துச் சொல்லுங்க," என்பார்கள். வயலில் ஏதும் மேய்ந்துவிட்டால், "கூப்பிடு சூளைக்காரரை, கால் ஜோசியம் பார்க்கட்டும்," என்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கேலி ஓடியது. அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். சண்டை நடந்த அடுத்த மாதமே உடைந்த கல்லும் அதிகம் வெந்து கறுத்த கல்லுமாகச் சேர்த்து, வேலி இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டார். அவமானத்தில் கட்டினார் என்று ஊர் சொன்னது. வீம்புக்குக் கட்டினார் என்று அம்மா சொன்னாள். ஆனால் மழை வருவதற்குள் சுவர்ப்பூச்சுக்கு மணல் சுமக்க, தைத்த சாக்கில் நல்லதாக நாலு எடுத்துக் கொடுத்தனுப்பினாள்.

சுண்டுவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதலையாக இல்லை. மேட்டின்மேல் நின்று தன் இரண்டு கண்ணாலும் பார்த்தது டீச்சரைத்தான். ஆனால் இத்தனை பேர் முன்னால் குளம்பு பொருந்தவில்லை. அப்படியானால் பார்த்தது என்ன? வேறு கறுப்பு ஆடா? மணி அடித்த பதற்றத்தில் தானாகக் கற்பனை செய்துகொண்டதா? அன்றைக்குப் பிறகு அவளுக்குத் தன் கண்மேலேயே ஒரு அவநம்பிக்கை வந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் பாதி வழியில் திரும்பி வருவாள். பரீட்சையில் சரியான விடையை எழுதி, அடித்து, மறுபடி எழுதுவாள். யாராவது "நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டால், நிச்சயமாகத் தெரிந்ததையும் "அப்படித்தான் நினைக்கிறேன்" என்பாள். கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கணவர் அவளுக்கு "நினைக்கிறேன்" என்றே பெயர் வைத்துவிட்டார்.

சூளைக்காரர் இறந்த செய்தி அவளுக்கு மூன்றாம் நாள்தான் போனில் வந்தது. காய்ச்சல் என்றார்கள். போய்ப் பார்க்க முடியவில்லை. அத்தையும் தன் சகோதரர் வீட்டோடு போய்விட்டாள். களத்தில் புல் முளைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "நல்ல மனுஷன். அந்த ஒரு தடவைதான் தேவையில்லாம நம்மளை வம்புக்கு இழுத்தாரு," என்றாள். சுண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, "அப்படித்தான் நினைக்கிறேன்" என்று முடித்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயதாகும்போது, இருக்கிற வீட்டோடு ஒரு அறை சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது. கல் பார்க்க, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சூளைக்குப் போனாள். ஏற்ற வேண்டிய டிராக்டர் வர நேரமாகியது. களத்தில் ஒரு பெண் தனியாகக் கல் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய அச்சு கிடந்தது. பொழுது போகாமல் சுண்டு காய்ந்த கல் ஒன்றை எடுத்து அந்த அச்சுக்குள் வைத்தாள். கல் அதற்குள் கடகடவென்று ஆடியது.

"இது இந்தக் கல்லோட அச்சு இல்லையா?"

"அதேதான் அக்கா," என்றாள் அந்தப் பெண், கையை நிறுத்தாமல். "பச்சையில சரியா இருந்துச்சு. காயக் காய மண்ணு சுருங்கிரும்ல. வெயில்ல வச்சா இன்னும் சீக்கிரம். அதுக்குத்தான் அச்சைப் பெருசா வெட்டுறது."

சுண்டு கல்லைத் திருப்பி அதன் மேல்பக்கத்தைப் பார்த்தாள்.

"கல்லுமேல ஏதாவது பதிஞ்சிருந்தா? இந்த நாய், ஆடு மிதிச்ச தடம் மாதிரி?"

"அதுவும் கூடவே சுருங்கும். மிதிச்ச காலையே திரும்பக் கொண்டாந்து வச்சாலும் உள்ள போகாது." அந்தப் பெண் ஓர் உருண்டையை அச்சுக்குள் ஓங்கி அடித்தாள். "இந்த வேலைக்கு வந்த முதல் நாளே தெரிஞ்சிரும் அக்கா. கல் அறுக்கிறவங்க யாருக்கும் இது தெரியாம இருக்காது."